எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்னவர்

கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று எல்லாவற்றுக்கும் "சரி" என்று சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2025 ஆகஸ்டில் அப்படித்தான் நடந்தது. எங்கள் குழுவில் ஒரு தம்பி, ஊர் திருவாரூர் பக்கம், ஒன்பது வருட அனுபவம். எந்தத் தேதியைச் சொன்னாலும் "அதற்குள் முடியாது, சோதனைக்கு நாள் ஒதுக்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்" என்று குறுக்கே நிற்பவர். ஒரு செவ்வாய்க்கிழமை, யாராலும் முடிக்க முடியாத ஒரு தேதியை வாடிக்கையாளர் சொன்னார். நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். "சரி, செய்துவிடலாம்" என்றார். அன்று மாலையே அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். வேறு வேலை வந்து விழுந்தது. பதினோரு நாள் கழித்து ராஜினாமா மின்னஞ்சல் வந்தது.

2004இல் சென்னையில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்தேன். டைடல் பார்க் திறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூரைத் தாண்டினால் அப்போது பொட்டல்தான். இந்த இருபத்தோரு வருடமும் அந்தச் சாலையிலேயே போயிருக்கிறது. இன்று முப்பத்தெட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு நான் மேலாளர். 2012இலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். குழுவைவிட்டு யார் போனாலும் அதில் ஒரு பக்கம். போன தேதி, வெளியேறும்போது மனிதவளத் துறையின் படிவத்தில் அவர் எழுதிய காரணம், பின்னால் எனக்குத் தெரியவந்த காரணம். இதுவரை நாற்பத்தாறு பக்கங்கள். படிவத்தில் முப்பத்தொரு பேர் "சிறந்த வாய்ப்பு" என்று எழுதியிருக்கிறார்கள். சம்பளம் மட்டுமே காரணம் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் ஒன்பது பேர்தான்.

அந்த நோட்டில் ஒரு பக்கத்தை மட்டும் அடிக்கடி திறந்து பார்ப்பேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அவர் சங்கரன்கோவில்காரர். 2014இல் கல்லூரி முடித்து நேராக எங்கள் குழுவுக்கு வந்தார். நாங்கள் அமெரிக்காவில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பழைய மெயின்ஃப்ரேம் (பெரிய மையக் கணினி) அமைப்பைப் பராமரிக்கிறோம். கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் எழுதிய புரோகிராம்கள். சில என்னைவிட மூத்தவை. புதிதாக வருகிற பிள்ளைகள் அந்த மொழியின் பெயரைக் கேட்டாலே முகம் சுருங்குவார்கள், வெளியே சந்தை கேட்பது வேறு என்று. இவர் சுருங்கவில்லை. மூன்று வருடத்தில், மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் வேலை முழுவதும் அவர் கைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் இரவு ஒன்பது மணிக்கு அது ஓட ஆரம்பிக்கும். நமக்கு மறுநாள் காலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அந்த நேரத்தில் அவர் கணினி முன்னால் இருப்பார். காய்ச்சலிலும் இருந்திருக்கிறார். ஒரு வருடம் அவர் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழா மாதக் கடைசியை ஒட்டி வந்தது, ஊருக்குப் போகவில்லை. "அம்மா கோமதி அம்மன்கிட்ட என்னையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டாளாம் அக்கா" என்று அடுத்த நாள் சொன்னார். அதைப் புகாராகச் சொல்லவில்லை. நானும் புகாராக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் என் தவறு.

2021 ஏப்ரலில், வருடாந்திர அப்ரைசல் என்ற வேலை மதிப்பீட்டில், அவர் இரண்டு விஷயம் கேட்டார். ஏழு வருடம் ஆகிவிட்டது, ஆண்டுச் சம்பளம் 7 லட்சத்து 20 ஆயிரம், அதை 9 லட்சமாக்க வேண்டும். மாதக் கடைசி வேலையை இன்னொருவருக்கும் கற்றுக்கொடுத்து, மாற்றி மாற்றிப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டும் நியாயம் என்று எனக்குத் தெரியும். மேலே எழுதினேன். குழு முழுவதற்கும் ஒதுக்கிய உயர்வு எட்டு சதவீதம். ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும் என்று பதில் வந்தது. 7 லட்சத்து 78 ஆயிரம் ஆனது. இரண்டாவது ஆளுக்கு வாடிக்கையாளர் பணம் தரவில்லை. பில்லிங் இல்லாத, அதாவது வாடிக்கையாளர் பணம் தராத, ஒருவரை அந்த வேலையில் உட்காரவைக்க எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவரிடம் சொன்னபோது தலையாட்டிவிட்டு, "சரி அக்கா" என்றார்.

அக்டோபரில் பேப்பர் போட்டார், அதாவது ராஜினாமா கொடுத்தார். 10 லட்சத்து 80 ஆயிரத்துக்கு ஆஃபர். அந்தக் கணமே எல்லோருக்கும் அவர் அருமை தெரிந்துவிட்டது. ஏழு வருடத்தில் அவரிடம் ஒரு முறைகூடப் பேசியிராத துணைத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். 10 லட்சம் தருகிறோம், ஆன்சைட், அதாவது அமெரிக்காவிலேயே வேலை, பார்க்கலாம் என்றார்கள். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஏப்ரலில் இல்லாத பணம் இப்போது எங்கிருந்து வந்தது அக்கா?" என்னிடம் பதில் இல்லை.

பதில் பிறகு தெரிந்தது. பெரும்பாலான நிறுவனங்களில் உயர்வுக்கு ஒரு பை, புது ஆள் எடுப்பதற்கு வேறொரு பை. முதல் பையின் வாய் சதவீதக் கணக்கில் தைக்கப்பட்டிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறைதான் திறக்கும். இரண்டாவது பைக்குச் சந்தை விலைதான் அளவு. ஆள் இல்லாமல் வாடிக்கையாளரிடம் பில் போட முடியாது என்பதால் வருடம் முழுவதும் திறந்தே இருக்கும். அவர் ஜனவரியில் போனார். மாற்று ஆளாக முதலில் தேர்வு செய்த இருவர் சேரவே இல்லை. மூன்றாமவர் மார்ச் நடுவில் 11 லட்சத்து 50 ஆயிரத்துக்குச் சேர்ந்தார். ஆளைக் காட்டிய கன்சல்டன்சிக்கு ஒரு மாதச் சம்பளம் கமிஷன். கேட்ட 9 லட்சத்தைக் கொடுக்காததால் இரண்டரை லட்சம் கூடுதலாக, ஒவ்வொரு வருடமும். அந்தப் புது ஆள் நல்லவர், திறமைசாலி. எங்கள் அமைப்பைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, அவ்வளவுதான்.

2022 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை காலை. முதல் காலாண்டு முடிவு. வேலை ஓடியது, பிழை ஒன்றும் காட்டவில்லை, முடிந்தது. எட்டு மணிக்கு வாடிக்கையாளர் அழைத்தார்: இழப்பீட்டுப் பட்டுவாடா முழுவதும் போன காலாண்டின் தேதியில் விழுந்திருக்கிறது, பணம் போகாமல் நிறுத்திவைத்திருக்கிறோம். ஆறு பேர் மூன்று மணிநேரம் தேடினோம். அவர் எழுதி வைத்துவிட்டுப் போன நூற்றுப்பத்துப் பக்க வேலை ஒப்படைப்பு ஆவணத்தை வரி வரியாகப் படித்தோம். கடைசியில் அவரையே அழைத்தேன். புது அலுவலகத்தின் பஸ்ஸில் இருந்தார். "காலாண்டு முடிவில் தேதி அட்டையைக் கையால் மாற்ற வேண்டும் அக்கா. அறுபத்துநாலாம் பக்கத்தில் இருக்கிறது. 'காலாண்டு எனில் அட்டையைச் சரிபார்க்கவும்' என்று எழுதியிருப்பேன்." கணக்குத் தேதியைப் புரோகிராமுக்குச் சொல்லும் சின்னப் பதிவுக்குத்தான் தேதி அட்டை என்று பெயர். நான்கு நிமிடம். அந்த வரி இருந்தது. நாங்களும் படித்திருந்தோம். அதைப் படித்தவர்களில் யாருக்கும் அது எந்த அட்டை, எதற்காக என்று தெரியவில்லை. அந்தக் கைவேலையே இல்லாமல் புரோகிராமை மாற்றிவிடலாம் என்று மூன்று முறை அவர் எழுதிக் கேட்டிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் யாரிடமும் பேசத் தோன்றவில்லை.

அந்த வருடம் ஊரே அப்படித்தான் இருந்தது. இன்ஃபோசிஸ் 2022 மார்ச் காலாண்டுக்கு வெளியிட்ட கணக்கில், பன்னிரண்டு மாதத்தில் தாமாக விலகியவர்கள் 27.7 சதவீதம், அடுத்த காலாண்டில் 28.4. டிசிஎஸ்ஸில் இந்த எண் வழக்கமாகக் குறைவுதான், அதுவே அந்தச் செப்டம்பரில் 21.5 சதவீதத்தைத் தொட்டது. இரண்டு வருடம் கழித்து, 2024 மார்ச்சில் இரண்டுமே பன்னிரண்டரைக்குப் பக்கத்தில் வந்து நின்றன. எங்கள் கூட்டங்களில் அந்த இறக்கத்தைப் பெரிய சாதனையாகத் திரையில் காட்டினார்கள். ஊழியர்களைத் தக்கவைக்கும் திட்டங்கள் பலன் தந்துவிட்டன என்றார்கள். எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. அதே 2023-24இல் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து ஊழியர் எண்ணிக்கை ஏறக்குறைய 64,000 குறைந்திருந்தது. வெளியே கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே இருந்தவர்கள் நகரவில்லை. என் குழுவில் அந்த இரண்டு வருடமும் ஒருவர்கூடப் போகவில்லை. ஆனால் ஆறேழு பேர் மனதளவில் எப்போதோ போய்விட்டிருந்தார்கள் என்பது அவர்கள் எழுதும் மின்னஞ்சலின் நீளத்திலேயே தெரியும்.

இந்த சதவீதக் கணக்கின் மேல் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. ஒன்பது மாதம் இருந்தவர் போனாலும் ஒன்று, ஒன்பது வருடம் இருந்தவர் போனாலும் ஒன்று. சங்கரன்கோவில்காரரும், பயிற்சி முடித்த மறுவாரம் மேற்படிப்புக்குப் போன ஒரு பையனும் அந்தக் காலாண்டில் சமமாகத்தான் எண்ணப்பட்டார்கள்.

ராஜினாமா கொடுத்த பிறகும் வேலையில் இருக்க வேண்டிய தொண்ணூறு நாள் நோட்டீஸ் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த காலத்தில் முப்பது நாள்தான். வேலையை ஒப்படைக்க நேரம் வேண்டும் என்று நீட்டினார்கள். என்ன ஆயிற்று? ஆள் தேவைப்படும் நிறுவனம் மூன்று மாதம் காத்திருக்கத் தயாராக இல்லை. "உடனே சேரக்கூடியவர்" என்றுதான் விளம்பரமே வருகிறது. அதனால் கையில் ஆஃபர் இல்லாமலேயே முதலில் பேப்பர் போடுகிறார்கள். நோட்டீஸில் இருக்கிறேன் என்று வேலைதேடும் தளத்தில் மாற்றிய மறுநாளே அழைப்புகள் குவிகின்றன. சும்மா சலித்துப்போயிருந்தவர், ஒரு மாதத்தில் மனம் மாறியிருக்கக்கூடியவர், அதற்குள் ராஜினாமா கொடுத்துவிட்டிருக்கிறார். அந்தத் தொண்ணூறு நாளில் இரண்டாவது ஆஃபர், மூன்றாவது ஆஃபர் என்று விலை ஏறிக்கொண்டே போகும். முதலில் ஆஃபர் கொடுத்தவர்கள் நாற்காலி போட்டுக் காத்திருந்து ஏமாறுவார்கள். எனக்குச் சேராமல் போன அந்த இருவரும் அப்படித்தான். பிடித்துவைக்கப் போட்ட கயிறே ஆளை வெளியே இழுக்கிறது. ஒப்படைக்கும் வேலையாவது ஒழுங்காக நடக்கிறதா என்றால், என் அனுபவத்தில் முதல் மூன்று வாரத்துக்குப் பிறகு ஒப்படைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணத்தைக் கட்டச் சொல்லும் பத்திரங்கள் சட்டப்படி செல்லுமா என்று இளையவர்கள் கேட்பார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்குள் விலகிய வங்கி அதிகாரி ஒருவர் 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் அப்படி இருக்கலாம். அந்தப் பயத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் நான் என்ன வேலை வாங்கிவிட முடியும்? பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) இதே இனம்தான். நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் முடித்தால்தான் கிடைக்கும். ஆனால் அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று முதல் நாளே ஆண்டுச் சம்பளக் கணக்கில் சேர்த்துக் காட்டிவிடுகிறார்கள். மூன்றாம் வருடத்தில் போகிற பிள்ளை, தன் சம்பளம் என்று நம்பிய ஒரு துண்டைப் பார்க்காமலேயே போகிறது.

என் நோட்டில் நான்கு பக்கங்கள் தாய்மார்களுடையவை. நால்வரும் படிவத்தில் "குடும்பக் காரணம்" என்றுதான் எழுதினார்கள். 2017இல் திருத்திய சட்டப்படி 26 வாரச் சம்பள விடுப்பு கிடைத்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்பதால் எங்கள் வளாகத்தில் அதுவும் இருந்தது. திரும்பி வந்தார்கள், வேலை செய்தார்கள், ஏழெட்டு மாதம் கழித்துப் போனார்கள். நால்வரில் ஒருவரைப் பல வருடம் கழித்து திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலில் பார்த்தேன். வேறொரு நிறுவனத்தில் என் அளவு பொறுப்பில் இருந்தார். "குழந்தைக்காக நான் போகவில்லை. பாவம், கைக்குழந்தைக்காரி என்று சொல்லி நான் கட்டிய வேலையை நீங்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டீர்கள். எனக்கு அறிக்கை தயாரிக்கும் வேலை வந்தது. அதற்காகவா ஒரு மணிநேரம் பால் எடுத்து வைத்துவிட்டு வந்தேன்?" என்றார். அன்பாகச் செய்வதாக நினைத்துத்தான் நான் செய்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்றிலிருந்து, விடுப்பு முடிந்து வருகிற யாரிடமும் "என்ன வேலை வேண்டாம்?" என்று நான் ஆரம்பிப்பதில்லை. "விட்ட வேலையை எப்போது கையில் எடுக்கிறீர்கள்?" என்று கேட்கிறேன். குறைக்க வேண்டுமானால் அவர்களே சொல்கிறார்கள்.

கவுண்டர் ஆஃபர், அதாவது பேப்பர் போட்டவரை நிறுத்தச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்பது, அதை நான் விட்டுவிட்டேன். கொடுத்து நிறுத்திய ஏழு பேரில் ஐந்து பேர் ஒரு வருடத்துக்குள் போனார்கள். போகாத இருவரும் பக்கத்து மேசைக்காரர்களிடம் சொன்னார்கள், பேப்பர் போட்டால்தான் இங்கே சம்பளம் ஏறும் என்று. அந்தப் பாடம் குழுவில் பரவிய வேகத்தில் வேறு எந்தப் பயிற்சியும் பரவியதில்லை.

அதற்குப் பதிலாக என்னால் முடிந்ததைச் செய்கிறேன். சம்பளப் பேச்சே இல்லாத ஜூலையிலும் நவம்பரிலும் ஒவ்வொருவரோடும் அரை மணிநேரம் உட்காருகிறேன். மாதக் கடைசி வேலைக்கு இப்போது மூன்று பேர் முறை வைத்துப் பார்க்கிறார்கள். மூன்றாமவருக்குப் பில்லிங் இல்லை, அதற்கான திட்டை நான் வாங்கிக்கொள்கிறேன். வேறு குழுவுக்குப் போக விரும்புகிறவரைத் தடுப்பதில்லை. 2017இல் புரோகிராம்களைச் சோதிக்கும் டெஸ்டர் ஒருவர், புரோகிராம் எழுதும் குழுவுக்குப் போக இடமாற்றம் கேட்டபோது ஆள் இல்லை என்று எட்டு மாதம் விடாமல் வைத்திருந்தேன். அவர் நிறுவனத்தைவிட்டே போனார். என் குழுவுக்கு ஆள் மிஞ்சவில்லை, நிறுவனத்துக்கும் மிஞ்சவில்லை.

2021இல் வீட்டிலிருந்து வேலை செய்தபோது என் ஆட்களில் பாதிப் பேர் தென்காசி, மன்னார்குடி, ஆத்தூர் என்று ஊரில் இருந்தார்கள். அம்மா சமையல், வாடகை மிச்சம், பெற்றோருக்கு மருத்துவமனைத் துணை. திரும்ப வரச் சொன்னபோது மூன்று பேர் வரவில்லை, பேப்பர் போட்டார்கள். விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் 2024இல் டைடல் நியோ என்ற சிறிய ஐடி பூங்காக் கட்டடங்கள் திறந்திருக்கின்றன. அங்கே பத்து நாற்காலி எடுத்துக்கொடுங்கள் என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன். இன்னும் எழுதுவேன்.

திருவாரூர்த் தம்பிக்கு நவம்பர் கடைசி வாரம் இறுதி நாள். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தவரோடு கீழே தேநீர்க் கடையில் நின்றேன். எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். ஜூலைக் கடைசியில் என்றார். டிசிஎஸ் 12,000 பேருக்கு மேல், பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்த வாரம். "அது நம் நிறுவனம் இல்லையே தம்பி" என்றேன். "இல்லை அக்கா. ஆனால் பதினைந்து வருடம் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று அன்றுதான் யோசித்தேன். நான் இங்கே சண்டை போட்டதெல்லாம் இங்கேயே இருக்கப்போகிறேன் என்று நினைத்துத்தான்." தேநீருக்கு அவர்தான் காசு கொடுத்தார், என்னை விடவில்லை.

மறுநாள் மூன்று பெயர்கள் எழுதிய தாளோடு மனிதவளத் துறைக்குப் போனேன். மூவரும் இன்று வெளியே கிடைக்கும் விலைக்கு மிகக் கீழே இருப்பவர்கள். அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்காமல் இப்போதே சரிசெய்யுங்கள், மாற்று ஆள் எடுத்தால் ஆகும் செலவு இது என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அந்த அதிகாரி வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார். தாளை இரண்டு முறை படித்தார்.

"இவர்கள் மூவரும் கேட்டார்களா மேடம்?"

"இல்லை."

"பேப்பர் போட்டிருக்கிறார்களா?"

"இல்லை."

"அப்படியானால் எந்தக் காரணத்தின் கீழ் இதைப் பதிவு செய்வது? இதற்குக் கணினியில் ஓர் இடமே இல்லையே."

இடம் இல்லையென்றால் உண்டாக்குங்கள் என்றேன். நிதித் துறையையும் வைத்துப் பேசலாம் என்று வரும் புதன்கிழமை பதினோரு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார். சங்கரன்கோவில்காரரின் பக்கத்தை நோட்டிலிருந்து நகல் எடுத்து, பெயரை மறைத்து, அந்தத் தாளோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.